எட்டும் ஒன்பதும் பதினேழு

எங்கள் வாரியத்தில் எந்த எண்ணைச் சொன்னாலும் அது எண்ணிக்கையாகத்தான் காதில் விழும். இது தெரியாமல் நான் பதினேழு கேட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

வாரியத்தின் முழுப் பெயர் சித்தூர் – திருப்பதி இரு மாவட்டக் கூட்டு மின்சேவை வாரியம். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது. கீழே மேளம் கொட்டினால் மேலே மீட்டிங் நடத்த முடியாது. அதனால் முகூர்த்த நாட்களில் மட்டும் கொஞ்சம் வேலை நடக்கும்.

நான் சம்பத். ஒப்பந்த புரோகிராமர். ஊர் பாகாலா, தினமும் ரயிலில் வந்து போகிறேன். வாரியம் நடத்தும் பதினோரு போர்ட்டல்களில் டயாலிசிஸ் போர்ட்டல் என் பொறுப்பு. இரண்டு மாவட்டத்திலும் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை தடவை டயாலிசிஸ் வேண்டும் என்று டாக்டர் கையெழுத்தோடு போட வேண்டும். போர்ட்டல் சரி என்றால்தான் படுக்கை கிடைக்கும்.

அப்படி விண்ணப்பிக்கிறவர்களில் என் நைனா ஜெகநாதனும் ஒருவர். சித்தூர் வெல்ல மண்டியில் முப்பது வருஷம் எடை போட்டவர். இப்போது செவ்வாயும் வெள்ளியும் சித்தூர் டயாலிசிஸ் மையத்தில் அவரை எடை போடுகிறார்கள். உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதை இறக்கி அனுப்புவார்கள். வாரத்துக்கு இரண்டு, மாதத்துக்கு எட்டு, மூன்று மாதத்துக்கு இருபத்து நான்கு. மார்ச் முப்பத்தொன்றோடு பழைய ஒப்புதல் முடிகிறது. பிப்ரவரியில் புதுப்பிக்கப் போட்டோம். 'இந்த மண்டலம் இந்த மாவட்டத்தில் இல்லை' என்று போர்ட்டல் திருப்பி அனுப்பிவிட்டது.

போர்ட்டல் சொன்னது உண்மைதான். மாவட்டத்தைப் பிரித்தபோது பாகாலா மண்டலம் திருப்பதி பக்கம் போய்விட்டது. எங்கள் போர்ட்டலில் மட்டும் அது இன்னும் சித்தூரிலேயே உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் கண்டுகொள்ளாத மாநிலத் தலைமை சர்வர் இந்த ஜனவரியில் கண்டுகொண்டுவிட்டது. ஒரு வரி மாற்றினால் தீர்ந்தது. அந்த வரியை எழுதியவனும் நான், மாற்றப்போகிறவனும் நான். நைனாவிடம் "நாளைக்கே சரி பண்ணிர்றேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

வரியை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. மாற்றியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி கட்டி எடுக்க வேண்டும், அதற்கு பில்ட் என்று பெயர். பில்ட் செய்ய ஒரு டெவலப்மென்ட் கிட் வேண்டும். கிட் என்றால் பெட்டியும் இல்லை, பையும் இல்லை. அதுவும் ஒரு மென்பொருள்தான். புதிதாக வரும்போதெல்லாம் அதன் பெயருக்குப் பின்னால் ஒரு நம்பர் ஏறும். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது எட்டு. தலைமை சர்வரோ இந்த வருஷத்திலிருந்து பதினேழில் கட்டியதைத்தான் வாங்குவேன் என்றுவிட்டது.

இதற்கு யாரும் அலைய வேண்டாம். ஒரு ஃபைலில் பதினேழு என்று எழுதி வைத்தால் போதும். பில்ட் டூல் அதைப் படிக்கும். நம்மிடம் பதினேழு இல்லை என்றால் தானாக இணையத்துக்குப் போய், சரியான கிட்டைப் பார்த்து இறக்கிக்கொண்டு வந்து, வேலையை முடித்துவிடும். இலவசம். நாற்பது விநாடி.

எழுதி வைத்து பட்டனை அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: 'அனுமதியின்றிப் பொருள் ஒன்று உள்ளே வர முயன்றது. ஸ்டோர்ஸை அணுகவும்.'

வீட்டு லேப்டாப்பில் செய்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். செய்து பார்த்தேன். பில்ட் ஜம்மென்று ஓடியது. ஆனால் வாரியத்துக் கம்ப்யூட்டரிலிருந்து வராத எதையும் வாரியத்து சர்வர் வாங்காது. அந்த விதியை ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்வரில் எழுதி வைத்ததும் நான்தான்.

ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர் பத்மாசனி அம்மாள். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், இடுப்பில் பீரோ சாவி. அதட்டிப் பேச மாட்டார், சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்புவார். கிட் வேண்டும் என்றேன். இன்டென்ட் படிவம் கொடுத்தார். பொருள், தேவை, கையிருப்பு, நிகரத் தேவை, கொண்டுவருபவர் பெயர் என்று ஐந்து கட்டங்கள். டெவலப்மென்ட் கிட் பதினேழு என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஏன்ப்பா, நீ இருக்கறது ஒருத்தன். ஒருத்தனுக்குப் பதினேழு கிட் எதுக்கு?"

"ஒண்ணுதான் மேடம். அதோட பேரு பதினேழு."

"பேரே பதினேழா? அப்போ இப்போ நம்மகிட்ட இருக்கறதுக்கு என்ன பேரு?"

"எட்டு."

"அப்படிச் சொல்லு. கையிருப்பு எட்டு." கையிருப்பு கட்டத்தில் முத்து முத்தாக 8 என்று எழுதினார்.

"மேடம், அது பஸ் நம்பர் மாதிரி. பதினேழாம் நம்பர் பஸ்ஸுன்னா பதினேழு பஸ்ஸா?"

"பஸ் நம்ம ஸ்டாக் இல்லையேப்பா."

"சரி, வயசு மாதிரின்னு வெச்சுக்கோங்க. எனக்கு முப்பத்து நாலு வயசு. முப்பத்து நாலு சம்பத்தா இருக்கேன்?"

"வயசுக்கு இன்டென்ட் கிடையாது" என்றார். அது நியாயம்தான் என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அவர் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். கொண்டுவருபவர் பெயர் என்ற இடத்தில் நான் 'தானாக' என்று எழுதியிருந்தேன்.

"இது யாரு, புது வெண்டரா?"

"யாரும் இல்ல மேடம். அதுவா வந்துரும்."

பத்மாசனி அம்மாள் பேனாவை மூடினார். "அதுவா வர்றதுக்குப் பேரு எலி. ஸ்டோர்ஸுக்குப் பொருள் வரணும்னா யாராவது கொண்டு வரணும். நான் என்ன பண்றது சொல்லு, கமிட்டிக்கு வெக்கறேன்."

அன்று வீட்டுக்குப் போனபோது நைனா ஒரு சின்ன டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு அவருக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். சாப்பாட்டுக்கு, மாத்திரைக்கு, தாகத்துக்கு எல்லாம் சேர்த்து. மண்டிக்காரர் என்பதால் அளவு தப்ப மாட்டார்.

"இன்னாடா சம்பத்து, நாளிக்கேன்னு சொல்லிக்கினு போன?"

"கமிட்டிக்குப் போய்க்கினு இருக்குது நைனா."

"ஒரு வரிக்கா?"

"வரிக்கு இல்ல. ஒரு கிட்டுக்கு."

"அது எங்க கீது?"

"இன்டர்நெட்ல. கூப்ட்டா அதுவே வந்துரும். இவங்கதான் உள்ள வுட மாட்டன்றாங்க."

நைனா ஒரு வாய் நனைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தார். "மண்டில லோடு வந்தா கேட்ட தொறந்துடுவோம். அப்பால எடை போட்டுக்கலாம்" என்றார்.

கருவிகள் தேவை நிர்ணயக் குழு பிப்ரவரி கடைசியில் கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேர். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அப்படி யாரையும் சேர்க்கவில்லை. தலைவர் இணை இயக்குநர் சிவசங்கரன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நான்கு பேனா. தெலுங்கிலும் தமிழிலும் சரளமாக மறுப்பவர். என் படிவத்தைப் படித்துவிட்டு அவருடைய கண் நிகரத் தேவைக்குப் போகவில்லை, 'தானாக' என்ற சொல்லில் போய் நின்றது.

"பாபு சம்பத், ஒண்ணு கேக்கறேன். தானா வருதுன்ற. எது சரியான கிட்டுன்னு அதுவே பாத்து எடுத்துக்குதுன்ற. அப்ப எது சரின்னு முடிவு பண்றது யாரு? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என் ஆபீஸ்ல சரியானது எதுவும் தானா நடந்தது கெடையாது. நடக்க வுட்டதும் கெடையாது. இன்னிக்கு ஒரு கிட்டு தானா வரும். நாளைக்கு ஃபைல் தானா நகரும். நாளன்னிக்கு ஜனங்களுக்குச் சேர வேண்டியது தானா போய்ச் சேரும். அப்பறம் இந்த ஏழு பேரும் எங்க போறது, சொல்லு?"

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையிலேயே பதில் எதிர்பார்த்தார்கள்.

"சரே" என்று சிவசங்கரன் படிவத்தை எடுத்தார். "தேவை பதினேழு. கையிருப்பு எட்டு. நிகரத் தேவை ஒன்பது. ஒன்பது சாங்க்ஷன்."

"சார், ஒன்பதுன்றது வேற சார். அது பழசு. அத இப்ப யாரும் தொடறதே இல்ல. எனக்குப் பதினேழு வேணும்."

"நீ பதினேழு கேட்ட. உன்கிட்ட எட்டு இருக்குது. நாங்க ஒன்பது தர்றோம். எங்க கொறையுது, காட்டு."

எங்கும் குறையவில்லை. கூட்டிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஒன்பது வந்து இறங்கியது மார்ச் ஐந்தாம் தேதி, நல்ல நேரம் பார்த்து. பொருள் கேட் வழியாக வரவேண்டும் என்பது விதி. கிட்டோ கம்பி வழியாக வரும். அதனால் கேட்டை மாற்றினார்கள். வாட்ச்மேன் ஜெயபிரகாஷைக் கீழேயிருந்து நாற்காலியோடு கூட்டி வந்து, ரவுட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் உள்வரவுப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். பத்மாசனி அம்மாள் ரவுட்டருக்குக் குங்குமம் வைத்து ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார். வண்டி நம்பர் என்ற இடத்தில் ஜெயபிரகாஷ் 'ஒயர்' என்று எழுதினார்.

நான் பட்டனை அழுத்தினேன். நாற்பது விநாடி கூட ஆகவில்லை.

"வந்துச்சாண்ணா?" என்று ஜெயபிரகாஷ் கேட்டார்.

"வந்துருச்சு."

"நான் கண்ணு சிமிட்டாம பாத்துக்கினுதானே இருந்தேன்? ஒண்ணும் போவலியே."

பதிவேட்டில் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது. ஜெயபிரகாஷ் ரவுட்டரைக் கையில் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, கால் கிலோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எலுமிச்சம்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஒன்பதை வைத்து பில்ட் ஓட்டினேன். டூல் மறுத்துவிட்டது: 'பதினேழு தேவை. கிடைத்தது ஒன்பது.' இந்தக் கட்டடத்தில் நம்பரைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான். அந்தத் திரையை அச்சடித்து எடுத்துக்கொண்டு சிவசங்கரனிடம் ஓடினேன். அவர் அதை நிதானமாகப் படித்தார்.

"கெடச்சது ஒன்பதுன்னு அதுவே ஒத்துக்குதே. அப்பறம் இன்னா? பழைய எட்டு எங்க?"

"அது இருக்குது சார்."

"ரெண்டையும் சேத்து ஓட்டு."

"சேத்து ஓட்ட முடியாது சார். எட்டும் ஒன்பதும் சேந்தா பதினேழு ஆவாது."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. எட்டும் ஒன்பதும் பதினேழு ஆகாது என்று மேலதிகாரி முன்னிலையில் கூறியதற்கான ஆதாரத்தை மூன்று தினங்களுக்குள் சமர்ப்பிக்கவும்.

நான்கு பக்கம் எழுதினேன். நம்பர் வேறு, எண்ணிக்கை வேறு என்று படம் போட்டுக்கூட விளக்கினேன். அது கணக்குப் பிரிவுக்குப் போனது. அவர்கள் கூட்டிப் பார்த்து, பதினேழுதான் என்று சான்றளித்தார்கள். என் விளக்கம் நிராகரிக்கப்பட்டது. கையிருப்பு பதினேழு என்று பத்மாசனி அம்மாள் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். மார்ச் பதினைந்து தாண்டிவிட்டது.

அன்று ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். சந்திரகிரி தாண்டியும் வரவில்லை. நைனாவுக்கு இன்னும் நாலு தடவையோ ஐந்து தடவையோ இருக்கிறது, அதற்கப்புறம் படுக்கை இல்லை. இரண்டு முறை தவறினால் கால் வீங்கும், நாலு முறை தவறினால் படுத்தால் மூச்சு வாங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு மரத்துப்போயிருந்தது. டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். கையிருப்பு பதினேழு. எனக்கு வரவேண்டியது பதினேழு. அப்படியானால் கேட்க வேண்டியது முப்பத்து நான்கு.

மறுநாள் முப்பத்து நான்கு என்று எழுதிக் கொடுத்தேன். கொண்டுவருபவர் பெயர் ஜெயபிரகாஷ். காரணம் பணி விரிவாக்கம்.

பத்மாசனி அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாரு, இப்போ படிவம் எவ்வளவு லட்சணமா இருக்கு! கேக்கற மாதிரி கேட்டா யாரு தரமாட்டேங்கறா? மொதல்லயே இப்படி எழுதியிருக்கப்படாதோ?"

இருபத்தேழாம் தேதி குழு மறுபடி கூடியது. முப்பத்து நான்கில் பதினேழு போக நிகரத் தேவை பதினேழு. சாங்க்ஷன். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. சிவசங்கரன் கை காட்டி உட்காரச் சொன்னார். அவர் சந்தோஷமாக இருந்தார்.

"இந்த சப்ஜெக்ட்ல நான் ரொம்ப யோசிச்சேன், பாபு. நிகரத் தேவைன்றது எவ்ளோ பெரிய விஷயம்! கிட்டுக்கு மட்டும் ஏன்? உன் போர்ட்டல்ல ஒவ்வொருத்தனும் மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து இருபத்து நாலு குடு, இருபத்து நாலு குடுன்றான். ஏற்கெனவே குடுத்தத யாராவது கழிச்சுப் பாக்கறாங்களா?"

"சார், அது டயாலிசிஸ் சார். அதுல கையிருப்பு கெடையாது."

"எப்படிக் கெடையாது? ஜனவரிலேருந்து இருபத்து நாலு வாட்டி ரத்தத்த சுத்தம் பண்ணி அனுப்பிருக்கோம். அந்த சுத்தம் எங்க போச்சு? அவன் ஒடம்புலதானே இருக்குது? நாம ஒண்ணும் திருப்பிக் கேக்கலியே. அதையும் சேத்துக் கணக்குல வெச்சிக்கோன்றோம்."

ஏழு பேரும் மேஜையைத் தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது: போர்ட்டலில் நிகரத் தேவைக் கணக்கு சேர்க்கப்பட வேண்டும், சேர்ப்பதாக எழுதிக் கொடுத்தால் மட்டுமே பதினேழு உள்ளே விடப்படும்.

எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே போர்ட்டலில் மூன்று வரி சேர்த்தேன். கேட்டதில் ஜனவரியிலிருந்து பெற்றதைக் கழி, மீதியைக் காட்டு, நன்றி சொல். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். நைனாவுக்கு நாற்பத்தெட்டு போட்டுக்கொள்ளலாம் என்று வரியை எழுதும்போதே தெரியும். மற்றவர்களையும் நினைத்தேன். நைனா முதலில் தாண்டட்டும், அப்புறம் அந்த மூன்று வரியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஜெயபிரகாஷ் மறுபடி நாற்காலியோடு மேலே வந்தார். பதினேழு வந்து இறங்கியது. பில்ட் ஓடியது. முப்பதாம் தேதி மத்தியானம் பாகாலா ஒருவழியாகத் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சித்தூர் மையத்து டாக்டர் நைனாவின் தாளைப் பார்த்து "நாப்பத்தெட்டா?" என்றார். "போர்ட்டல் அப்படி சார்" என்றேன். மேலே கேட்காமல் கையெழுத்துப் போட்டார். தேவை 48, பெற்றது 24, நிகரத் தேவை 24, நன்றி என்று நைனாவின் போனுக்கு வந்தது.

"நன்றியெல்லாம் சொல்லுதே" என்றார் நைனா.

ஏப்ரல் முதல் தேதி அந்த மூன்று வரியை எடுக்க உட்கார்ந்தேன். பதினேழைக் காணவில்லை. பயன்படுத்திய கிட்டை ஸ்டோர்ஸில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதியாம். பத்மாசனி அம்மாள் ஆள் வைத்து அதைப் பென் டிரைவில் ஏற்றி, என் கம்ப்யூட்டரிலிருந்து அழித்து, கவரில் போட்டு அரக்கு வைத்து பீரோவில் பூட்டிவிட்டார். எட்டு, ஒன்பது, பதினேழு என்று மூன்று கவர்கள். கையிருப்பு முப்பத்து நான்கு. ஆகவே நான் இப்போது ஐம்பத்தொன்று கேட்க வேண்டும். கேட்டேன். குழு அடுத்து கூடுவது ஜூனில்.

அந்த வார வெள்ளிக்கிழமை சித்தூரிலிருந்து திரும்பி வந்த நைனா, "பக்கத்து பெட்டு காலியா கீது" என்றார். "நம்ம தமிழ்செல்வன் ரெண்டு வாட்டியா வர்ல. ஊருக்கு எங்கனா போயிட்டானா தெர்ல."

தமிழ்செல்வன் சித்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், டெய்லர். அவருக்கும் செவ்வாய், வெள்ளிதான். மாவட்டம் மாறாதவர் என்பதால் போர்ட்டலில் அவருக்கு ஒருநாளும் தகராறு வந்தது கிடையாது. ஒவ்வொரு மூன்று மாதமும் இருபத்து நான்கு கேட்பார், இருபத்து நான்கு வரும். என் மூன்று வரி ஏறுகிற வரைக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் திருப்பதி ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினேன். பெட்டியில் தமிழ்செல்வன் உட்கார்ந்திருந்தார். மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனம். பக்கத்தில் அவர் மனைவி கன்னிகா, மடியில் லட்டுப் பை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"வா சம்பத்து, வா! உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். எனக்கு நல்லா ஆயிடுச்சிப்பா!"

"இன்னாண்ணா சொல்ற?"

"கவர்மெண்டே சொல்லிருச்சி, இனிமே தேவ இல்லன்னு. இந்தா பாரு." போனை நீட்டினார். தேவை 24. பெற்றது 24. நிகரத் தேவை 0. நன்றி. "தேவ சைபர். அஞ்சு வருசமா ஊசி குத்திக்கினு கெடந்தேன். மலைக்கு வேண்டிக்கினேன், போன் வந்த அன்னிக்கே கெளம்பலாம்னேன். இவதான் ஞாயித்துக்கெழம வரைக்கும் நிறுத்திட்டா."

கன்னிகா ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். சிரித்த முகமாக இருந்தாள். தமிழ்செல்வன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, கடகடவென்று முக்கால் பாட்டில் குடித்தார். குடித்துவிட்டு ஆசையோடு வாயைத் துடைத்துக்கொண்டார். நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"கால் எப்படிண்ணா வீங்குச்சி?"

"மல ஏறி எறங்கினா வீங்காதா?"

அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. குரல் மட்டும் பத்மாசனி அம்மாள் படிவம் விளக்குகிற மாதிரி அமைதியாக இருந்தது. அது குணம் ஆனது இல்லை, கழித்தல் கணக்கு என்றேன். அந்தக் கணக்கை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். ராத்திரியே மையத்துக்குப் போய் எமர்ஜென்சி என்று உட்காருங்கள், காலையில் டாக்டரிடம் நாற்பத்தெட்டு என்று எழுதி வாங்குங்கள் என்றேன். நைனாவின் போனில் வந்ததையும் சொன்னேன். லட்டு என் கையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

தமிழ்செல்வன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப இது?" என்றார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கன்னிகா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் புருஷன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, இறுக்கி மூடி, பைக்குள் அடியில் வைத்தாள்.

"எத்தினி போடணும்?"

"நாப்பத்தெட்டு."

"மூணு மாசம் கழிச்சி?"

"எழுவத்திரண்டு. ஜூன்ல கமிட்டி இருக்குது. எனக்குக் கிட்டு குடுத்தா அதுக்குள்ள எடுத்துருவேன். குடுக்கலன்னா எழுவத்திரண்டு."

"அதுக்கு அப்பால?"

"தொண்ணூத்தாறு."

அவள் விரலை மடக்கி முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு, தொண்ணூற்றாறு. "அதுக்கு அப்பால?"

"நூத்து இருவது. அப்பறம் நூத்து நாப்பத்து நாலு. நூத்து அறுவத்தெட்டு." ரயில் பாகாலாவை நெருங்கி வேகம் குறைந்தது. நான் இறங்க எழுந்தேன். "போதுமாம்மா? எது வரைக்கும் சொல்லட்டும்?"

"சொல்லிக்கினே இருண்ணா" என்றாள் கன்னிகா. "நிறுத்தாத."